மாமா நின்ற ஜாமீன்

என் மகளின் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கென்று வாங்கிய நாற்காலி அது. ஆறடி உயரமும் அதற்கேற்ற உடம்பும் கொண்ட மனிதர், முழங்கால்கள் மார்பைத் தொட, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதில் ஒடுங்கியிருந்தார். சோபாவும் சாப்பாட்டு மேசையும் மகளின் அப்பாவோடு டெக்சாஸுக்குப் போய்விட்டிருந்தன. அந்தச் சன்னிவேல் அபார்ட்மெண்டில் மிஞ்சியிருந்தது ஒரு கட்டில், குழந்தையின் சாமான்கள், என் அலுவலக லேப்டாப் வைக்கும் மடக்கு மேசை அவ்வளவுதான். கட்டிலில் உட்காருங்கள் என்று சொன்னேன். மருமகளின் கட்டிலில் எப்படி உட்காருவது என்று கூச்சப்பட்டாரோ என்னவோ, நேராக அந்த நாற்காலிக்குப் போய்விட்டார். சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றார். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரிந்தது. டெக்சாஸின் ஆஸ்டினில் அதிகாலையிலேயே விமானம் ஏறியிருந்தார், தனியாக, ஆங்கிலம் அதிகம் தெரியாமல்.

மாமா என்று நான் சொல்வது என் மகளின் அப்பாவைப் பெற்றவரை. விவாகரத்துக்குப் பிறகு அவரை என்னவென்று கூப்பிடுவது என்பது எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. அவர் என்னை அம்மிணி என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை, அதனால் நானும் மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. மகள் பிறந்தபோது கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு தங்கியிருந்தார். அத்தை அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். தினமும் சாயங்காலம் வேட்டிக்கு மேல் மகனின் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரோலரைத் தள்ளியபடி எல் கமீனோ சாலையோரமாக நடப்பார். போகிற வருகிற பஸ்களின் எண்களையெல்லாம் குழந்தைக்குத் தமிழில் சொல்வார். என் அம்மாவுக்கு விசா கிடைக்காத அந்த நாட்களில் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்ததும் அவர்தான். அத்தையின் கைப்பக்குவத்தை நினைவுபடுத்திப் பார்த்து, இரண்டு தடவை உப்பைக் கூட்டிப் போட்டு, மூன்றாவது தடவை சரியாக வைத்துவிட்டார்.

ஊரில் அவர் விவசாயக் கடன் சொசைட்டியின் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கொடுப்பது பாதி வேலை, வசூலிப்பது மீதி வேலை. தவணை தவறியவர்களின் வீடுகளுக்கு ஜீப்பில் அதிகாரிகளோடு போய் நின்றிருக்கிறார். அண்டாவையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு வீட்டில் நிலைக்கதவையே கழற்றினார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். அந்த வீட்டு ஆள் அதற்குப் பிறகு சந்தைப்பேட்டை வழியாக நடப்பதையே விட்டுவிட்டான் என்பார்.

அதனால்தான் இங்கே நடந்ததும் அவருக்கு ஒரு ஜப்தியாகத் தெரிந்தது. எங்களுக்கு விவாகரத்துக் கொடுத்த நீதிமன்றம், குழந்தைக்காக அவள் அப்பா மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை நான் நேரே வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், குழந்தை ஆதரவு அலுவலகம் வசூலித்துக் கொடுக்கும். என் வக்கீல் இரண்டாவதைச் சொன்னார், நானும் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்திலிருந்து ஆஸ்டினில் மகளின் அப்பா வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் போனது. சம்பளம் அவர் கைக்குப் போவதற்கு முன்பே குழந்தையின் பங்கைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள். இங்கே இது எல்லோருக்கும் நடப்பதுதான், தவறியவர்களுக்கு மட்டும் செய்வதில்லை. ஆனால் மகளின் அப்பா அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார். சம்பளக் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது, இனி ஆபீஸ் முழுக்கத் தெரியும் என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார். மகனைப் பார்க்க ஆஸ்டினுக்கு வந்திருந்த மாமாவின் காதிலும் அது விழுந்தது. வந்த பத்தாம் நாளே என்னைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

தண்ணீர் கேட்டார், குடித்தார். பேத்தி டேகேரிலிருந்து வர இன்னும் நேரம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"என்ற மவன் சம்பளத்த ஜப்தி பண்ணிப் போட்டயே அம்மிணி."

இது ஜப்தி இல்லை, வெறும் பிடித்தம், பி.எஃப். பிடிப்பதைப் போலத்தான் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு இன்னொன்றும் உறுத்திக்கொண்டிருந்தது. இந்த வசூலுக்காக ஆண்டுக்கு ஒருமுறை அரசாங்கம் ஒரு கட்டணம் எடுத்துக்கொள்கிறது, அதுவும் வாங்குகிறவரின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று மகன் சொல்லியிருந்தார். எனக்கு அதுவரை அது தெரியாது. அவர் முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன், உண்மைதான். பெரிய தொகை ஒன்றுமில்லை, இரண்டு பேர் ஹோட்டலில் டிபன் சாப்பிடும் காசு. ஆனால் அவருக்குத் தொகை பொருட்டில்லை.

"நாங்க ஜப்திக்குப் போனா ஜீப்புச் செலவக் கடன்காரன் பேர்லதான் எழுதுவோம். இங்க என்னடான்னா வாங்கற புள்ள பேர்ல எழுதறாங்க. அப்பன் புள்ளைக்குக் குடுக்கறதுல நடுவுல நின்னு கூலி வாங்கறதுக்கு இவங்க ஆரு?"

இப்போதும் அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் எனக்கு நியாயம் அநியாயம் எதுவுமே பெரிதாகத் தோன்றவில்லை. காலையில் எழுவேன், குழந்தையை டேகேரில் விடுவேன், வேலை, திரும்பவும் டேகேர், குளியல், சாப்பாடு. யாராவது எதையாவது கேட்டால் சரி என்று சொல்லிவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்த அலுவலகத்தில் கேஸை மூடிவிடு, அவன் நேராக உன் கணக்கில் போடுவான் என்று மாமா கேட்டார். தவறினால் என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

"நான் ஜாமீன்," என்றார்.

எத்தனையோ பேருக்கு ஜாமீன் கையெழுத்தின் பொருளைச் சொல்லி எச்சரித்தவர் அவர். அந்தச் சொல்லை விளையாட்டாகச் சொல்லக்கூடியவர் இல்லை. சரிங்க மாமா என்றேன். பிறகு நான் போட்டுக்கொடுத்த தோசையைச் சாப்பிட்டார். பேத்தி வந்ததும் அவளோடு பஸ் பார்க்கப் போனார். மறுநாள் ஆஸ்டினுக்குப் போய், அந்த மாதமே ஊருக்கும் திரும்பிவிட்டார். நான் கேஸை மூடினேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாதம் பிறந்ததும் பணம் வந்துவிடும். பிறகு மெல்ல மெல்லத் தள்ளிப்போக ஆரம்பித்தது. வாடகை கட்டும் வாரத்தில் நான் மெசேஜ் அனுப்ப வேண்டியிருந்தது. வீக்கெண்டில் அனுப்புகிறேன் என்று பதில் வரும். வெறும் பணத்தோடும் அது நிற்கவில்லை. பணம் கேட்டுப் போன ஒவ்வொரு மெசேஜும் ஒரு விசாரணைக்கு வாசலைத் திறந்துவிட்டது. நீச்சல் வகுப்பு எதற்கு, பெரிய அபார்ட்மெண்ட் எதற்கு, தமிழ்ப் பள்ளியில் ஏன் இன்னும் சேர்க்கவில்லை. கணவன் மனைவியாக இருந்தபோது பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்த சண்டைகளையெல்லாம் பணத்தைக் காரணமாக வைத்து மாதம் ஒருமுறை மறுபடியும் போட்டோம். ஒருநாள் காரில் வரும்போது பின் சீட்டிலிருந்து மகள், அப்பா இந்த மாதம் அனுப்பிவிட்டாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. கவலைப்படுகிறவள் மாதிரி கேட்கவில்லை. இன்றைக்கு மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

அதன் பிறகு பணம் அடியோடு நின்றது. ஆஸ்டின் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்ததாக வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு மாமாவுக்கு போன் செய்தேன். வேலை போனதை நான் சொல்லவில்லை, பணம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். நான் பாக்கறேன் அம்மிணி என்றார், வேறெதுவும் கேட்கவில்லை.

எல் கமீனோவில் நாங்கள் மளிகை வாங்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரரும் கோபிப் பக்கம்தான். அவருடைய அப்பா, மாமாவின் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். அந்த மாதக் கடைசியில் அரிசி வாங்கப் போனபோது பில்லோடு ஒரு கவரையும் கொடுத்தார். பாப்பாவின் அப்பா கொடுக்கச் சொன்னதாகச் சொன்னார். திறந்து பார்த்தால் உத்தரவில் இருந்த தொகை சரியாக இருந்தது. அடுத்த மாதமும் கவர் வந்தது. மகளின் அப்பா என்னோடு பேச விரும்பாமல் இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. மெசேஜ் இல்லை, விசாரணை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு அவர் வீடியோவில் பேசும்போது நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். கிட்டத்தட்ட ஒரு பள்ளி ஆண்டு அப்படியே போனது.

ஒரு சனிக்கிழமை கடைக்காரர் கவரைக் கொடுத்துக்கொண்டே, பெரியவருக்கு உடம்பு சுகமில்லையாம், இந்தத் தடவை எங்கப்பாதான் வீட்டுக்கே போய் ரூபாயை வாங்கிக்கொண்டு வந்தாராம் என்றார். எனக்குத் தெரிந்த விஷயம்தானே என்ற நினைப்பில் சொன்னார். எந்தப் பெரியவர் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. மாமா ஊரில் ரூபாயாகக் கொடுத்ததைத்தான் இவர் இங்கே டாலராகக் கவரில் போட்டுத் தந்துகொண்டிருந்திருக்கிறார். கவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் நன்றாக அடித்தது. காருக்குள் உட்கார்ந்து, மகள் ஐஸ்கிரீம் தின்று முடிக்கும்வரை எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம், வருத்தம் என்று எதுவும் வரவில்லை. மாமாவின் பென்ஷன் எவ்வளவு இருக்கும், அதில் இது எப்படி முடியும் என்றுதான் மனம் யோசித்துக்கொண்டிருந்தது. ரோட்டோரக் காட்டை, தன் விளைநிலத்தை, விற்றுவிட்டார் என்பது பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் அவரைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது பொழுது விடிந்து காப்பி குடிக்கும் நேரம். நெஞ்சுச் சளி என்றார், பேச்சுக்கு நடுவில் இருமினார். நான் நேராகவே கேட்டேன். மறைக்கப் பார்க்கவில்லை.

"ஜாமீன் போட்டா கட்டோணுமில்ல அம்மிணி," என்றார்.

மகனிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம், ஒரே ஒரு தடவை. பாப்பாவுக்குப் பணம் அனுப்புகிறாயா என்று கேட்டதற்கு, அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன் அப்பா என்று அவர் சொன்னாராம்.

"நானும் சரின்னுட்டேன். பொய்யின்னு எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சுதுன்னு வையி, அப்பறம் போனே பண்ண மாட்டான். ஞாயித்துக்கெழம ஆனா அவன் போன் வருமேன்னுதான் நான் இருக்கறேன்."

பின்னால் சமையலுக்கு வரும் அம்மாள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு நான், கவுண்டியில் கேஸை மறுபடி திறக்கப் போகிறேன் என்று சொன்னேன். மகளின் அப்பாவுக்குப் புது வேலை கிடைத்துப் பல மாதம் ஆகிவிட்டது என்பது இதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. கேட்க ஆளில்லாததால் அவர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. யாரும் கேட்காத பணத்தைத் தானாக எடுத்து வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மாமா கோபப்படுவார், ஜப்தி என்ற சொல்லை மறுபடி எடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"தொறந்துரு," என்றார். "கூலி போனாப் போச்சாது. ஒண்ணு மட்டும் கேக்கறன். இந்த மாசமெல்லாம் அவன் கட்டுனதாவே இருக்கட்டும். அவனுக்குத் தெரிய வேண்டாம்."

சரிங்க மாமா என்றேன். அவரிடம் நான் இரண்டாவது முறையாகச் சொன்ன சரி அது. முதல் தடவை யோசிக்காமல் சொன்னேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

கவுண்டி அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி பொறுமைசாலி. எந்தெந்த மாதங்களுக்குப் பணம் வரவில்லை என்று கேட்டார். பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து குழந்தையின் அப்பாவிடம் வசூலிப்போம் என்றார். கவர் வராத அந்த இரண்டு மாதங்களைச் சொன்னேன், அவற்றை நான் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னேன். மற்றதெல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. பிறகு ஆண்டுக் கட்டணத்தைப் பற்றி விளக்கினார். எனக்கு ஆட்சேபணை இருக்குமென்று நினைத்தாரோ என்னவோ, இது சட்டத்தில் இருப்பது, நாங்களாக வாங்குவதில்லை என்று சேர்த்துக்கொண்டார். பரவாயில்லை என்றேன். உண்மையாகவே பரவாயில்லை என்றுதான் தோன்றியது. குழந்தையின் பங்கில் கைவைப்பது சரியில்லை என்று மாமா சொன்னது சரிதான். ஆனால் அந்தக் காசுக்கு நான் வாங்கிக்கொண்டது ஒன்று உண்டு. இனி நான் யாரிடமும் கேட்க வேண்டாம். பின் சீட்டிலிருந்து என் மகளும் கேட்க வேண்டாம்.

பிடித்தம் தொடங்கிய சில மாதங்களில் மாமா இறந்துபோனார். நெஞ்சுச் சளி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் இதயக் கோளாறு. மகளின் அப்பா ஊருக்குப் போனார். எனக்கு விசா புதுப்பிக்கும் சமயம், போக முடியவில்லை. போயிருந்தாலும் அந்த வீட்டில் நான் எந்த இடத்தில் நிற்பது என்று தெரிந்திருக்காது. கடைக்காரர் போனில் காட்டிய வீடியோவில் கொஞ்சம் பார்த்தேன். மகளின் அப்பா மொட்டையடித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். எங்கள் ஆறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் தாத்தா இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவளும் அழவில்லை. தாத்தாவின் முகம் அவளுக்கு போனில் பார்த்த முகம்தான். பஸ் பார்க்கப் போனது நினைவிருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. பணம் மாதந்தோறும் தானாக வருகிறது, கட்டணம் ஆண்டுக்கொருமுறை தானாகப் போகிறது. நானும் அவள் அப்பாவும் சண்டை போடுவதில்லை. சண்டை போட விஷயமே இல்லாமல் போய்விட்டது. கோடை விடுமுறைக்கு ஆஸ்டினுக்கு அழைத்துப் போக அவரே வருவார். இந்த வருடமும் சான் ஹோசே விமான நிலையத்தில் சந்தித்தோம். மகள் புத்தகம் வாங்கக் கடைக்குள் போயிருந்தாள். இருவரும் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். முடி முன்பக்கம் நரைத்துவிட்டது அவருக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"கேஸ் அக்கவுண்ட்ல பாத்தேன். எனக்கு வேலை போன அந்த வருஷத்துக்கு பாக்கின்னு எதுவுமே காட்டல. நீ விட்டுக் குடுத்திருக்க. ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன். தேங்க்ஸ்."

அதெல்லாம் இப்போது எதற்கு என்றேன். அவர் நிறுத்தவில்லை. கடைக்குள் மகள் பணம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் கட்டலைன்னு அப்பாவுக்குத் தெரியாது. கேட்டப்ப அனுப்பிட்டுதான் இருக்கேன்னு சொல்லிட்டேன். தெரிஞ்சிருந்தா தாங்கியிருக்க மாட்டாரு. கடைசிவரைக்கும் நான் ஒழுங்கா கட்டிட்டு இருக்கேன்னுதான் நெனச்சுட்டு இருந்தாரு, இல்ல?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதில் தெரிந்தே ஆகவேண்டும் என்கிற பார்வை அது. மகள் கடையிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"ஆமா," என்றேன். "அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தாரு."

அவர் தலையாட்டினார். மகளின் பெட்டியை எடுத்துக்கொண்டார். இருவரும் செக்யூரிட்டி வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்ளும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.